மேசையை மறைக்காதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டைப் படமாக்க வேண்டுமென்றால் முதலில் விளையாட்டை மறைத்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை ஹாலிவுட்டில் வேரோடிப் போயிருக்கிறது. டிராகன்களை எடுத்துக்கொள்ளலாம், கோட்டைகளையும் மந்திரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். பகடையையும் விதிகளையும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதை கட்டும் ஐந்தாறு பேரையும் படத்துக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். டிக்கெட் வாங்கி வரும் பொது ரசிகருக்கு அதெல்லாம் புரியாது, புரிந்தாலும் சலிப்புத் தட்டும் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். 2023இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமங் தீவ்ஸ்’ வசூலில் சறுக்கியதும், இந்த நம்பிக்கைக்குச் சாட்சியம் கிடைத்துவிட்டதாகப் பலர் பேச ஆரம்பித்தார்கள். இவ்வளவு நன்றாக எடுத்தும் ஓடவில்லை என்றால் இந்த விளையாட்டே சினிமாவுக்கு ஒவ்வாதது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். வர்த்தகக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள், விமர்சகர்கள் சொல்கிறார்கள், வாரந்தோறும் விளையாடுகிறவர்களில் ஒரு சாராரும் சொல்கிறார்கள்.

அத்தனை பேர் சொல்வதும் தவறு. இந்த விளையாட்டில் சினிமாவுக்கு எடுத்துப்போகத் தகுந்த சொந்தச் சரக்கு மேசை ஒன்றுதான். மறைக்கச் சொல்கிறார்களே, அதேதான்.

விளையாடியறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது இந்த விளையாட்டு. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள்; முதல் அச்சு 1,000 பிரதிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள் அவர்கள். படையை நகர்த்துவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடினால் என்ன என்பதை மினசோட்டாவில் தன் நண்பர்களோடு சில ஆண்டுகளாக ஆர்னெசன் பரீட்சித்துக்கொண்டிருந்தார். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதைசொல்லியும் அவரே, நடுவரும் அவரே. மற்றவர்களில் ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் போர்வீரர். “கதவுக்குப் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்கிறேன்” என்பார் ஒருவர். கேட்டதா இல்லையா, காவலாளி பொய்யை நம்பினானா, பூட்டு திறந்ததா என்பதையெல்லாம் இருபது முகப் பகடை முடிவு செய்யும். யாரும் ஜெயித்து முடியும் ஆட்டம் கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில்.

இந்த விளையாட்டின் உலகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கைகாக்ஸ் ஒளிக்கவே இல்லை. 1979இல் வெளியான டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் பின்னிணைப்பில் ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட், டோல்கீன் என்று தன்னைப் பாதித்தவர்களைப் பட்டியல் போட்டே கொடுத்துவிட்டார். மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்து ஒருமுறை ஏவியதும் அது நினைவிலிருந்து அழிந்துபோகும் என்ற புகழ்பெற்ற விதி வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. ஆரம்பப் பதிப்பில் ஹாபிட்கள் அதே பெயரோடு நடமாடினார்கள். டோல்கீன் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் சட்டத்தைக் காட்டி எச்சரித்த பிறகே ‘ஹாஃப்லிங்’ ஆனார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல வாசகர்கள் உருவாக்கிய விளையாட்டு அப்படித்தான் இருக்கும். ஆனால் விளையாட்டை விட்டுவிட்டு அதன் உலகத்தை மட்டும் திரைக்குக் கொண்டுபோ என்று சொல்வது, இரவல் நகையைப் பூட்டிக்கொண்டு நகை கொடுத்த வீட்டுக்கே விருந்துக்குப் போகச் சொல்வதுதான்.

2000 டிசம்பரில் அதுதான் நடந்தது. கோர்ட்னி சாலமன் இயக்கிய முதல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ படத்தில் ஜெரமி அயன்ஸ் இருந்தார், தோரா பர்ச் இருந்தார், வானம் நிறைய டிராகன்கள் இருந்தன. உலகம் முழுவதும் சுமார் 3.4 கோடி டாலர்தான் வந்தது, செலவுக்கே போதவில்லை. சரியாக ஓராண்டு கழித்து ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வந்தபோது, அசல் எப்படி இருக்கும் என்பதை உலகம் பார்த்துவிட்டது.

அந்தப் படம் ஏன் தோற்றது என்பதற்கு மலிவான கணினி வரைகலையையும் மிகை நடிப்பையும் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். என் கணக்கில் பெரிய காரணம் வேறு. படத்தில் ஒரு காட்சி: திருடர் சங்கத் தலைவன் தன் பொறிக்கூடத்துக்குள் போய்ச் சிவப்புக் கல் ஒன்றை எடுத்துவரச் சொல்கிறான். தீப்பிழம்புகள், வெட்டும் கத்திகள், புதிர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயருக்கே உரிய காட்சி அது. அதற்குள் போவது யார்? கதாநாயகன் ரிட்லி, தனியாக. கூட வந்த நண்பர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னால், அவர்கள் தேடும் மந்திரக்கோல் இருக்கும் இடத்துக்குள்ளும் அவன் தனியாகத்தான் போகிறான். குழுவில் ஒரு குள்ளர் போர்வீரர் இருக்கிறார். அவருக்குப் படம் முழுக்கச் செய்ய வேலையே இல்லை. ஐந்து பேர் கூடி ஆடும் விளையாட்டை ஒருவன் ஆடும் விளையாட்டாக்கிவிட்டு, விளையாட்டைப் படமாக்கியதாகச் சொன்னார்கள். எந்த மேசையிலாவது ஒரு டன்ஜன் மாஸ்டர் நாலு பேரை மூன்று மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். தியேட்டருக்கும் வரவில்லை.

மேசையில் அப்படி என்னதான் நடக்கிறது? கோட்டைக்குள் எப்படிப் புகுவது என்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டுத் திட்டம் தீட்டுவார்கள். ஒருவர் சமையல்காரராக வேடமிட வேண்டும், ஒருவர் கூரைமேல் ஏற வேண்டும், ஒருவர் குதிரைகளை அவிழ்த்துவிட வேண்டும். முதல் பகடை உருளும், 1 விழும். கூரை ஏறியவர் சமையலறைக்குள்ளேயே விழுந்துவிட்டார். அந்தக் கணத்திலிருந்து கதை யார் கையிலும் இல்லை. டன்ஜன் மாஸ்டர் எழுதிவைத்த பத்துப் பக்கம் வீண். இனி என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியாது. எல்லோரும் சேர்ந்து அந்தப் பள்ளத்திலிருந்து கதையைத் தூக்கி நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தும்போது ஒவ்வொருவருடைய குணமும் வெளியே வந்துவிடும். யார் ஓடுகிறார், யார் மற்றவருக்காகத் திரும்பி வருகிறார், யார் கூச்சப்படாமல் பொய் சொல்கிறார் என்பதெல்லாம். ஒரு திரைக்கதையாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைப் பொது ரசிகர் புரிந்துகொள்ளமாட்டார் என்பவர்கள், ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தை மறந்துவிட்டார்கள். 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான அந்தத் தொடரில் நாம் முதலில் சந்திக்கும் நான்கு சிறுவர்களும் ஒரு வீட்டின் அடித்தளத்தில் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பார்கள். டெமகார்கன் என்ற அரக்கன் மேசைமேல் வந்து விழுகிறான். முறை வில் என்ற சிறுவனுடையது. தாக்குவதா, தற்காத்துக்கொள்வதா? ஒரு நண்பன் அப்படிச் செய் என்கிறான், இன்னொருவன் இப்படிச் செய் என்கிறான். வில் தாக்கத் துணிகிறான். பகடை மேசையிலிருந்து தெறித்துத் தரையில் எங்கோ போய்விடுகிறது. தேடுகிறார்கள். மாடியிலிருந்து அம்மா கூப்பிடுகிறார், ஆட்டம் கலைகிறது. பகடை கிடைக்கும்போது அதில் 7, போதாது. மாஸ்டராக இருந்த மைக் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் கணக்கில் இல்லை என்கிறான் ஒரு நண்பன். மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் வில் மைக்கிடம் நின்று உண்மையைச் சொல்கிறான்: விழுந்தது ஏழு, அரக்கன் தன்னைப் பிடித்துவிட்டான் என்று. சற்று நேரத்தில் இருட்டுச் சாலையில் நிஜமாகவே அவனை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டு போகிறது.

விதிகளைப் பற்றி ஒரு வரி விளக்கம் கிடையாது. பகடையைத் தொட்டே பார்த்திராத கோடிக்கணக்கானவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். எத்தனை விழுந்தால் தப்பிக்கலாம் என்பதுகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. யாரும் பார்க்காத தோல்வியைத் தானே ஒப்புக்கொள்கிற பிள்ளை அவன் என்று புரிந்துவிட்டது. அவன் காணாமல் போனபோது மனசு பதறியது. ஒரு பகடையும் ஒரு எண்ணும் ஒரு பாத்திரத்தை ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிட்டன. இதைத்தான் சலிப்பு என்கிறார்கள்.

இது ஒற்றை உதாரணமும் அல்ல. 2011இல் ‘கம்யூனிட்டி’ என்ற நகைச்சுவைத் தொடர் ஓர் அத்தியாயத்தை ஏறக்குறைய முழுவதும் மேசையிலேயே நடத்தியது. மனமுடைந்திருக்கும் மாணவன் ஒருவனைத் தேற்றுவதற்காக நண்பர்கள் கூடி ஆடுகிறார்கள். டிராகனும் கிடையாது, காடும் கிடையாது; பேச்சும் குரல் மாற்றமும் பின்னணி ஓசையும் மட்டும். குதிரைக் குளம்பொலி கேட்டால் குதிரை தெரிந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவர் வில்லனாக வளர்ந்து நிற்பதை அந்த அத்தியாயத்தில் பார்க்கலாம். அதற்கும் முன்பு, ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரின் கடைசி அத்தியாயத்தில், பள்ளியே பயப்படும் முரட்டுப் பையன் டேனியல், படிப்பாளிப் பையன்களோடு இந்த மேசையில் வந்து உட்காருகிறான். கார்லோஸ் என்ற குள்ளனாக மாறி அவன் ஆடும் ஆட்டத்தில் அவன் முகம் மலர்வதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜேம்ஸ் ஃபிராங்கோ நடித்த பாத்திரம் அது. அந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த சிறுவர்களில் ஒருவர் ஜான் ஃபிரான்சிஸ் டேலி. 2023 படத்தை ஜோனதன் கோல்ட்ஸ்டீனோடு சேர்ந்து இயக்கியவர் அவரேதான்.

மேசையைக் காட்டப் பயந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைச் சாத்தான் வழிபாடு என்றும் பிள்ளைகளைப் பைத்தியமாக்குகிறது என்றும் பெற்றோர்களும் மத போதகர்களும் பெரும் பிரசாரம் செய்தார்கள். 1982இல் ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. இளம் டாம் ஹாங்க்ஸ் அதில் ஆட்டத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் புத்தி பேதலிக்கும் மாணவராக நடித்தார். மேசை என்றால் நோய் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த படம். அதே ஆண்டு வந்த ‘ஈ.டி.’ படத்தில் ஸ்பீல்பெர்க், அண்ணனும் நண்பர்களும் மேசையில் இப்படியொரு விளையாட்டை ஆடிக்கொண்டிருக்க, சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்று ஏங்கி நிற்கும் தம்பியைக் காட்டினார். பயந்த படத்தை இன்று யார் பார்க்கிறார்கள், அன்போடு பார்த்த படம் எங்கே நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: “இவையெல்லாம் விளையாடுகிறவர்களைப் பற்றிய கதைகள். விளையாட்டின் உள்ளே நடக்கும் கதையை எடுக்கும்போது மேசை எங்கே வரும்? இடையிடையே பகடையைக் காட்டுவதா?” நியாயமான கேள்வி. ‘ஹானர் அமங் தீவ்ஸ்’ இதற்குத்தான் பதில் சொன்னது. அதனால்தான் இந்தப் படத்துக்காக இவ்வளவு வாதாடுகிறேன். அதில் பகடை எங்கும் உருளவில்லை, ஆடுகிறவர்களும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியும் மேசையில் நடப்பதுபோலவே நடக்கிறது.

சிறையிலிருந்து தொடங்குகிறது படம். கைதிகளான எட்ஜினும் ஹோல்காவும் மன்னிப்புக் குழுவின் முன் நிற்கிறார்கள். எட்ஜின் தன் முன்கதையை நீட்டி முழக்குகிறார். குழுவில் ஜார்னதன் என்ற பறவை மனிதர் இன்னும் வரவில்லை, அவர் வரும்வரை நேரத்தைக் கடத்த வேண்டும். ஜார்னதன் வந்ததும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே குதித்துவிடுகிறார்கள், இறக்கை இருக்கிறதே என்று. குழுவோ ஏற்கெனவே மன்னிப்பு வழங்கிவிட்டிருந்தது. தன் பாத்திரத்தின் முன்கதையை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வரும் ஆட்டக்காரர், கதவு திறந்திருப்பதைப் பார்க்காமல் ஜன்னலை உடைக்கும் குழு: விளையாடியவர்களுக்கு இரண்டும் தெரிந்த முகங்கள். விளையாடாதவர்களுக்கோ, இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஒரே காட்சி இரண்டு பேருக்கும் நிறைவு தருகிறது.

விதிகள் சலிப்பூட்டும் என்பவர்கள் அந்தக் கல்லறைக் காட்சிக்கு என்ன பதில் சொல்வார்கள்? பிணத்தோடு பேசும் மந்திரம் விளையாட்டில் உண்டு. ஐந்து கேள்விகள் கேட்கலாம், அவ்வளவுதான். படம் இந்த விதியை அப்படியே வைக்கிறது. தொலைந்துபோன தலைக்கவசம் எங்கே என்று கேட்க ஒரு பழைய போர்க்களத்துப் பிணத்தை எழுப்புகிறார்கள். குழுவில் ஒருவர் வாய்தவறித் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதையும் பிணம் கேள்வியாக எடுத்துப் பதில் சொல்லிவிடுகிறது. கேள்விகள் கரைந்துபோகின்றன. அந்தப் பிணத்துக்குத் தான் சாகும்வரை நடந்தது மட்டும்தான் தெரியும். ஆக அடுத்த பிணம், அதற்கடுத்த பிணம் என்று தோண்டுகிறார்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாயைப் பொத்திக்கொண்டு யோசிக்கும் அந்த முகங்களைப் பாருங்கள். விதி இல்லையென்றால் அந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை. ஒரு பிணம் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகும். சிரிப்பும் பதற்றமும் ‘ஐந்து’ என்ற எண்ணிலிருந்து பிறக்கின்றன. மந்திரத்தால் எல்லாமே முடியும் என்ற கதைகள் ஏன் நம்மை அலுப்பில் தள்ளுகின்றன என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எதைச் செய்ய முடியாது என்று தெரிந்தால்தான் பார்ப்பவருக்குக் கவலை வரும்.

பாலக்காட்சி இன்னும் மேல். பாதாளத்தில் ஒரு கல் பாலம். எந்தக் கல்லில் எந்த வரிசையில் காலை வைக்க வேண்டும் என்று வீரர் ஜெங்க் மூச்சுவிடாமல் விளக்குகிறார். அவர் முடிப்பதற்குள் இளம் மந்திரவாதி சைமன் ஒரு கல்லில் காலை வைத்துவிடுகிறான், பாலம் மொத்தமும் சரிகிறது. ஒரு டன்ஜன் மாஸ்டர் இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த புதிரை ஆட்டக்காரர் ஒரே நொடியில் நாசமாக்கும் கணம் இது. அப்போது மாஸ்டர் என்ன செய்வார்? இவர்களை இங்கேயே விட்டுவிட முடியாது, ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். படத்திலும் அதுதான் நடக்கிறது. ஹோல்கா கையில் வைத்திருந்த சாதாரணத் தடி, இரண்டு இடங்களை ஒரு துளையால் இணைக்கும் மந்திரத்தடியாக மாறிவிடுகிறது. ஜெங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: எல்லாம் தெரிந்த, எல்லாரையும் வெல்கிற, நகைச்சுவை புரியாத அவர், மாஸ்டர் தன் கையாலேயே கதைக்குள் இறக்கும் பலசாலி. குழுவுக்கு வழிகாட்டிவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நடந்து போய்விடுகிறார்.

இது வெறும் கொள்ளைத் திட்டப் படம்தான், மேசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னவர்களும் உண்டு. கொள்ளைப் படங்களில் திட்டம் தோற்பதுபோலத் தெரியும். கடைசியில் அந்தத் தோல்வியும் திட்டத்தின் ஒரு பகுதிதான் என்று விளக்கிக் கைதட்டு வாங்குவார்கள். இந்தப் படத்தில் அந்தச் சமாதானம் கிடையாது. கருவூலத்துக்குள் போகும் ஓவியத்தில் மந்திரத் துளையைப் பதித்து அனுப்புகிறார்கள். ஓவியம் குப்புற விழுந்துவிடுகிறது. துளையைத் திறந்தால் கல் தரை. அவ்வளவுதான், திட்டம் செத்துவிட்டது. யாரும் இதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. புதுத் திட்டம் போட்டாக வேண்டும். எட்ஜின் பாத்திரத்தின் ஆழமே அங்கேதான் இருக்கிறது: அவருக்கு மந்திரம் தெரியாது, சண்டையும் பெரிதாகத் தெரியாது, திட்டம் போடுவார், தோற்பார், மறுபடி போடுவார். தோற்றுக்கொண்டே இருப்பதில் வெட்கமில்லை என்பதைத்தான் துவண்டுபோன சைமனுக்கும் அவர் சொல்கிறார். பகடையில் 1 விழுந்த இரவுகளைக் கடந்தவர்களால்தான் இப்படியொரு நாயகனை எழுத முடியும்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. சோஃபினா என்ற வில்லி எந்தப் படத்திலும் பொருந்திவிடுகிற வில்லி. நகரத்தையே அழிக்கக் கிளம்பும் மாயப்புகை, வானத்தில் வரும் ஆபத்து, இதெல்லாம் நூறு படங்களில் பார்த்துச் சலித்தவை. கவனித்தால் ஒன்று புரியும்: மேசையை விட்டு விலகி ‘உலகத்தை’ நோக்கிப் போகும் இடங்களில்தான் படம் வலுவிழக்கிறது.

சரி, வசூலுக்கு வருவோம். படத்தின் செலவு சுமார் 15 கோடி டாலர், உலக வசூல் சுமார் 20.8 கோடி டாலர். தியேட்டர்களின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால் நஷ்டம்தான். மறுக்கவில்லை. ஆனால் இந்த நஷ்டத்துக்கு மேசை எப்படிப் பொறுப்பாகும்? 2023 மார்ச் 31 அன்று படம் வெளியானது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ‘ஜான் விக்’ நான்காம் பாகம் வந்திருந்தது. ஐந்தே நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வந்து குடும்பக் கூட்டம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு 130 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 3.7 கோடி டாலரோடு முதலிடத்தில் இருந்த படம், அடுத்த வாரமே அந்தக் கூட்டத்தை இழந்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர், ஏ மைனஸ் கொடுத்திருந்தது. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது, போதுமான பேர் பார்க்கவில்லை. இரண்டும் வேறுவேறு நோய்கள், ஒரே மருந்து எழுதக் கூடாது.

விளையாடுகிறவர்களின் கோபமும் சேர்ந்துகொண்டது. விளையாட்டின் உரிமையாளரான விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், பிறர் இந்த விதிகளை வைத்துப் புத்தகங்கள் வெளியிட 2000 முதல் அனுமதித்துவந்த திறந்த உரிமத்தை இறுக்கப்போகிறது என்ற செய்தி 2023 ஜனவரியில் கசிந்தது. எதிர்ப்பு வெடித்ததால் ஜனவரி 27 அன்று பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டார்கள். படம் வர இரண்டே மாதம் இருந்த நேரம் அது. படத்தைப் புறக்கணிப்போம் என்ற குரல்களும் எழுந்தன. வாய்வழி விளம்பரம் செய்திருக்க வேண்டியவர்களை நிறுவனமே பகைத்துக்கொண்டது. அந்தப் பழியையும் இரண்டு இயக்குநர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

மேசைக்குப் பார்வையாளர் இல்லை என்பவர்கள் விளக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. மேத்யூ மெர்சரும் அவருடைய குரல் நடிகர் நண்பர்களும் தங்கள் ஆட்டத்தை 2015 முதல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்ற பெயரில் இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரம் ஓடும். மேசை, நாற்காலி, பகடை, பேச்சு, வேறொன்றும் இல்லை. அந்தக் கதையை ஒரு சிறு அனிமேஷன் படமாக்க 2019இல் மக்களிடம் 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள், 1.1 கோடி டாலருக்கு மேல் வந்து குவிந்தது. 2022இல் ‘த லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மகினா’ என்ற தொடராக அமேசானில் வெளியாயிற்று. 2023 அக்டோபரில் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் அவர்கள் ஆடுவதை டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். தானே முடிவெடுத்து ஆடுவதில்தான் சுகம், பார்ப்பதில் என்ன சுகம் என்ற வாதம் அந்த அரங்கத்திலேயே செத்துப்போயிற்று. யோசித்துப் பார்த்தால், மேசையிலும் அப்படித்தான். ஐந்து பேர் ஆடினால் ஒருவர் பேசும்போது நால்வர் பார்வையாளர்கள். அடுத்தவருடைய பகடை உருளும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர் இந்த ஆட்டத்தில் நீடிப்பதில்லை.

இதே 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு, இருபது முகப் பகடையைத் திரையின் நடுவிலேயே உருட்டிக் காட்டியது. பொய் சொல்லப் பார்த்தால் பகடை, பூட்டைத் திறக்கப் பார்த்தால் பகடை. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதுகளை வாரிக்கொண்டது அது.

ஜப்பானியர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ரியோ மிசுனோ மாஸ்டராக இருந்து நடத்திய ஆட்டத்தின் உரையாடல்கள் 1986இல் கம்ப்டிக் இதழில் தொடராக வெளியாயின. ஆட்டத்தில் பேசியதை அப்படியே எழுதித் தரும் அந்த வடிவத்துக்கே அங்கே பெரும் வாசகர் கூட்டம் சேர்ந்தது. அதிலிருந்து நாவல்கள் வந்தன, 1990இல் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ என்ற 13 பகுதி அனிமேஷன் தொடர் வந்தது. அதன் புகழ்பெற்ற எல்ஃப் நாயகி டீட்லிட்டை மேசையில் ஆடியவர் ஓர் ஆண் எழுத்தாளர். அமெரிக்காவிலும் ‘த எக்ஸ்பான்ஸ்’ விண்வெளித் தொடரின் மூலம் டை ஃபிராங்க் நண்பர்களோடு ஆடிய ஒரு விளையாட்டு. கதையின் ஆரம்பத்திலேயே ஷெட் என்ற பாத்திரம் எதிர்பாராமல், பேச்சின் நடுவில் செத்துப்போகும். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் ஆட்டத்தை விட்டுப் போனதுதான் காரணம். எந்த எழுத்துப் பட்டறையும் அப்படியொரு சாவை எழுதச் சொல்லித்தராது; பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

மேசையைக் காப்பாற்று என்று நான் சொல்வதை விதிப்புத்தகத்தைக் காப்பாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஹானர் அமங் தீவ்ஸ்’ முன்னோட்டம் வந்ததும், குழுவில் இருக்கும் டோரிக் என்ற பெண் ஆந்தைக்கரடியாக உருமாறுவது விதிப்படி தப்பு, விலங்காகத்தான் மாறலாம், ஆந்தைக்கரடி விலங்கு வகையில் வராது என்று சில ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த ஆந்தைக்கரடி எப்படிப் பிறந்தது? கைகாக்ஸ் கடையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்று, என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத ஒன்று. மேசையில் வைத்து ஆட அதற்கொரு பெயரும் குணமும் வேண்டியிருந்தது, கொடுத்தார். கையில் கிடைத்ததை வைத்துக் கதை கட்டுவதுதான் இந்த விளையாட்டின் பிறப்பு. ஒரு நல்ல மாஸ்டரிடம் “நான் ஆந்தைக்கரடியாக மாறட்டுமா?” என்று ஒரு சிறுமி கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். இயக்குநர்களும் சரி என்றார்கள்.

அடுத்த படத்தை எடுக்கப்போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். 15 கோடி டாலர் வேண்டாம். கல்லறைக் காட்சிக்கு ஒரு மேடும் நாலு பிணமும் போதுமாக இருந்தது. உலக வரைபடத்தையும் அரச வம்சங்களையும் எழுத்தாளர்கள் கையில் முதலில் திணிக்காதீர்கள். அவர்களில் ஐந்து பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, கையில் பகடையைக் கொடுத்து, ஒரு பருவம் முழுக்க ஆடவிடுங்கள். திட்டங்கள் எங்கே உடைந்தன, யார் யாருக்காகத் திரும்பி வந்தார்கள் என்று பக்கத்தில் ஒருவர் குறித்துவைக்கட்டும். அந்தக் குறிப்புகளிலிருந்து திரைக்கதையை எழுதுங்கள்.